அப்பாவின் பித்தம்

வாதம், பித்தம், கபம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு உடனே அசதி வந்துவிடும். இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். காலையில் நடக்க வரும் பெண்கள், மருமகள், மருமகளின் அம்மா என்று ஒவ்வொருவருக்கும் தங்கள் உடம்பு எந்த வகை என்று தெரிந்திருக்கிறது. எப்போது வெந்நீர் குடிக்க வேண்டும், எந்தக் கிழமையில் எண்ணெய் தேய்க்க வேண்டும், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் என்ன நன்மை என்றெல்லாம் எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறேன். இதில் நான் பத்து வயதிலேயே ஊறி எழுந்தவள் என்று சொல்வதில்லை. சொன்னால் விளக்க வேண்டும். விளக்குவதற்கு அம்மாவையும் அப்பாவையும் இழுத்துக்கொண்டு வர வேண்டும். அதற்குத் தெம்பு வேண்டும். இன்றைக்கு என்னவோ கொஞ்சம் இருக்கிறது.

அப்பா தோணியில் தண்டல். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியின் தலைவனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். வெங்காயம், வத்தல், கருவாடு என்று மூட்டை மூட்டையாகப் போகும். தோணி வருஷம் முழுக்க ஓடாது. வைகாசி முடிகிற சமயத்தில் தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் தோணிகளை ஒதுக்கிக் கட்டிவிடுவார்கள். ஆவணியில் காற்று தணிகிற வரைக்கும் ஆண்கள் எல்லாரும் வீட்டோடுதான். அந்த மாதங்களில் எங்கள் தெருவில் எங்கே பார்த்தாலும் ஆண்களாக இருப்பார்கள். கயிறு முறுக்குவார்கள், சீட்டாடுவார்கள், பெண்டாட்டி வைத்த குழம்பில் குறை கண்டுபிடிப்பார்கள்.

எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஏன் பங்குனியிலும் சித்திரையிலுமே பிறந்திருக்கிறோம் என்று எனக்கு வெகுநாள் ஆச்சரியம். ஈஸ்டருக்குப் பிறகு வரும் ஞாயிறுகளில் கோவிலில் ஞானஸ்நானத்துக்கு வரிசை நிற்கும். உபதேசியார் பிள்ளைகளின் பெயரைக் கேட்டுக் கேட்டே அலுத்துப்போவார். மாதாவுக்குப் பிரியமான மாதங்கள் போலிருக்கிறது என்று நானாக ஒரு பதில் வைத்திருந்தேன்.

நாங்கள் ஐந்து பேர், நான் மூத்தவள். கடைசித் தம்பி பிறந்தபோது அம்மா போய்விட்டாள் என்றே நினைத்தார்கள். இரத்தம் நிற்கவில்லை. அப்பாவின் தோணியாட்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து கையை நீட்டி இரத்தம் கொடுத்தார்கள். அம்மா எழுந்து சாய்ந்து உட்கார்ந்த அன்று டாக்டரம்மா அப்பாவைக் கூப்பிட்டார். இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது, உயிருக்கே ஆபத்து, ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றார். நான் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அப்பா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவர் யோசிப்பது என்றால் அத்தையிடம் கேட்பது.

அத்தை அப்பாவின் அக்கா. அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர், அந்தச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டுதான் அவள் எங்கள் வீட்டை நிர்வாகம் செய்தாள். எட்டுப் பிள்ளை பெற்று எட்டையும் வளர்த்தவள், ஆகையால் பிரசவம் என்றால் தும்மல் மாதிரி ஒரு விஷயம் என்பது அவள் எண்ணம். ஆண்டவர் கொடுப்பதைக் கத்தரியை வைத்துத் தடுக்கிறதா என்று கேட்டாள். அப்பா யோசித்து முடித்துவிட்டார். அம்மா சாமியாரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். நான் தம்பியோடு கோவில் வாசலில் நின்றேன். வழக்கமாகச் சாமியார் கொடுக்கும் அபராத ஜெபத்தைப் பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுச் சொல்லிவிட்டுத்தான் வருவாள். அன்றைக்கு அப்படியே இறங்கி வீட்டுக்கு நடந்தாள். முகத்தைப் பார்த்துவிட்டு நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அப்பா தோணிக்குத் திரும்பிப் போனார். அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. மூட்டுக்கு மூட்டு வலி என்றாள், காதுக்குள் இரைகிறது என்றாள். எங்கள் ஊரில் காற்று எழும்பிவிட்டதா என்று கொடியில் காயும் துணியைப் பார்த்தாலே தெரியும். எல்லாத் துணியும் ஒரே பக்கமாகப் படபடக்கும். அந்த வருஷம் அம்மா துணியைக் காயப்போட்டுவிட்டு, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பாள். அடுப்பில் உலை பொங்கும். நான் போய்க் கூப்பிட வேண்டும்.

பலசரக்குக் கடை அண்ணாச்சியின் மனைவிதான் புதுக்கோட்டை வைத்தியரைப் பற்றிச் சொன்னாள். ராஜா இருந்த பெரிய புதுக்கோட்டை இல்லை, இது திருநெல்வேலி ரோட்டில் பஸ்ஸில் கொஞ்ச தூரம். ஆயுர்வேத வைத்தியர், மலையாளத்துப் பக்கம் போய்ப் படித்து வந்தவர். வெற்றிலை போட்டுப் போட்டுச் சிவந்த வாயும் பெரிய தொந்தியுமாக இருந்தார். பேச்சுக்குப் பஞ்சமில்லை. உடம்பில் வாதம், பித்தம், கபம் என்று மூன்று உண்டு, மூன்றும் அளவாக நின்றால் மனுஷனுக்கு ஒரு குறையும் வராது, ஒன்று ஏறினால் மற்றது கெடும், ஏறினதை இறக்க மருந்து பாதிதான், சாப்பாடும் தூக்கமும் குளியலும் ஒழுங்கும்தான் மீதி என்று எனக்கும் விளங்கும்படி சொன்னார். அம்மாவின் நாடியைப் பார்த்து வாதம் என்றார். என் கையையும் பிடித்துப் பார்த்து, கன்னத்தைக் கிள்ளி, இது அசல் கபம் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு அம்மா அவரிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று என்னை வெளியே அனுப்பினாள். பின்கட்டில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போட்டு வேர் இடித்துக்கொண்டிருந்தார்கள். அதை வேடிக்கை பார்த்துவிட்டு நான் திரும்பி வந்தபோது அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வைத்தியர் வெற்றிலையை மெல்லாமல் வாயில் அடக்கி வைத்திருந்தார்.

"தண்டலக் கூட்டிட்டு வாங்க தாயி. நாடியப் பாக்காம நான் ஒண்ணும் சொல்லப்பிடாது. ஆனா கடல் வெயில்ல காயுத ஆளுக்குப் பித்தம் ஏறாம இருக்குமா?"

திரும்பி வரும்போது பஸ்ஸின் முதுகில் சிவப்பு முக்கோணம் வரைந்திருந்தது. ஆஸ்பத்திரிச் சுவரிலும், இரண்டே பிள்ளைகளோடு சிரிக்கிற அப்பா அம்மா படத்துக்குப் பக்கத்தில், அதையே பார்த்திருக்கிறேன். அந்த வருஷங்களில் எங்கே திரும்பினாலும் அந்த முக்கோணம்தான். எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. மூன்று மூலையும் வாதம், பித்தம், கபம். அம்மாவிடம் சொன்னேன். இருக்கும் என்றாள் அம்மா.

அப்பா வீட்டுக்கு வந்த வாரத்திலேயே அம்மா அவரைப் புதுக்கோட்டைக்குக் கிளப்பிவிட்டாள். அவள் தம்பிக்குப் பால் கொடுக்க வேண்டியிருந்ததால் துணைக்கு நான் போனேன். அப்பா ஒரு விளையாட்டாகத்தான் வந்தார். அவருக்கு நெஞ்செரிச்சல் உண்டு, இளநரை உண்டு, கோபம் தாராளமாக உண்டு. வைத்தியர் நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணை இழுத்துப் பார்த்தார், சொப்பனத்தில் நெருப்பு வருமா என்று கேட்டார். கலங்கரை விளக்கம் வரும் என்று அப்பா சொன்னார். வைத்தியர் அதுபோதும் என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சரக்கை ஒரு பக்கமாக ஏற்றினால் தோணி என்ன செய்யும் என்று கேட்டார். சாயும் என்றார் அப்பா. உம்ம உடம்பு பித்தத்துப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்றார் வைத்தியர். அதுவரை கால்மேல் கால் போட்டிருந்த அப்பா காலை இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

விடிவதற்கு முன் எழுந்திருக்க வேண்டும். ஈர்க்கைக் கிழித்து நாக்கை வழிக்க வேண்டும். மண்சட்டியில் ஊறின மல்லித் தண்ணீரை வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். புதனும் சனியும் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, ஊறி, சீயக்காய் போட்டுக் குளிக்க வேண்டும். வத்தல் ஆகாது, புளி ஆகாது, கருவாடு ஆகவே ஆகாது, மீனும் வேண்டாம். ராத்திரிப் பரோட்டாவையும் சால்னாவையும் மறந்துவிட வேண்டும். பாகற்காய், வெள்ளைப் பூசணி, பாசிப்பருப்பு, நெய், மோர், கிடைக்கிற வரைக்கும் காலையில் பதநீர். சாப்பிட்டதும் குறுநடை. கோபப்படக் கூடாது. இந்தக் கடைசி விதியைக் கேட்டு அப்பாவுக்குக் கோபம் வந்தது.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு வைத்தியர் குரலைத் தணித்தார்.

"பித்தம் எறங்குத வரைக்கும் மொட்டை மாடியில காத்து படுத மாதிரி தனியாப் படுக்கணும் தண்டலே. பத்தியம்னா வாய்க்கு மட்டும் இல்ல."

அப்பா சுவரில் தொங்கின காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை பெய்தால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். தூத்துக்குடியில் அது தேவையில்லாத கேள்வி. எண்ணெய், லேகியம், சூரணம் என்று அவர் அள்ளிக் கொடுத்ததில் அந்தத் தனிப் படுக்கைதான் மருந்து, மற்றதெல்லாம் பக்கவாத்தியம் என்று விளங்க எனக்குக் கல்யாணமாகி நானும் பிள்ளை பெற வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து வீடு மாறிப்போயிற்று. அப்பாவுக்குக் குளிர்ச்சி, அம்மாவுக்குச் சூடு, எனக்கு வறட்சி என்று மூன்று உடம்புக்கு மூன்று சமையல். தம்பி தங்கைகள் எந்தப் பிரிவிலும் சேராமல் தப்பித்துக்கொண்டார்கள். எனக்குக் காலையில் தேன் விட்ட இஞ்சிச் சாறு. வாழைப்பழம் கிடையாது, இனிப்பு கிடையாது, மத்தியானத் தூக்கம் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடற்கரை வரைக்கும் வேகமாக நடந்து திரும்ப வேண்டும். கபம் என்று சொன்னபோது வந்த பெருமையெல்லாம் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. அம்மாவுக்கு வைத்தியர் சொன்னது வேறு. சீக்கிரம் படுக்க வேண்டும், சூடாகச் சாப்பிட வேண்டும், கனம் தூக்கக் கூடாது, கவலைப்படக் கூடாது. அதில் ஒன்றைக்கூட அவள் செய்து நான் பார்க்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் எழுந்தாள், எல்லாரும் சாப்பிட்ட பிறகு ஆறின சோற்றை அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள், தெருக்குழாயில் சண்டை போட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். இவ்வளவு வேலையையும் இவள் ஏன் தன் தலையில் தானே இழுத்துப் போட்டுக்கொண்டாள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டால், அப்பா உடம்பு சமநிலைக்கு வர வேண்டாமா என்பாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் முகத்தில் இரத்தமே ஏறவில்லை. ஆனால் கொடித்துணியை வெறித்துக்கொண்டு நிற்பதை விட்டுவிட்டாள்.

அத்தைக்கு இது பொறுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சீலா மீன் குழம்பின் வாசனையும் அவள் குரலும் சேர்ந்தே வரும்.

"ஏளா, கடல்ல போறவனுக்குப் பாவக்காயும் பாசிப்பருப்புமா போடுத? எந் தம்பி என்ன மடத்துச் சாமியாரா?"

அத்தை சுவர்மேல் வைக்கிற குழம்புக் கிண்ணத்தை அம்மா எடுத்து எங்களுக்கு ஊற்றிவிட்டு, கழுவித் திருப்பி வைப்பாள். பிள்ளைகளுக்கு அந்தக் காற்றுக்காலம் நல்ல விருந்துக்காலம். ஆனால் சாமியார் என்ற சொல் சுவரோடு நிற்கவில்லை. மொட்டை மாடியில் அப்பா பாயை விரிப்பது தெருவுக்கே தெரியும். மற்றத் தண்டல்மார் சீட்டாடும்போது அவரைப் பார்த்து எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். சாமியாரே, இன்றைக்கு எத்தனை மணிக்குப் பூசை என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து பாகற்காய்த் தட்டைத் தள்ளிவிட்டார்.

அதற்கு மறுநாள் பொழுது சாய்ந்ததும் குறுநடை போய் வருகிறேன் என்று போனவர், வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். வாசலில் வரும்போதே சால்னா மணத்தது. எங்கள் ஊரில் எண்ணெயில் பொரித்த பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிட்டவனை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அம்மா தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. பத்தியம் முறிந்துபோனால் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னதை மட்டும் சொன்னாள்.

"போதும்ளா. எனக்குப் பித்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஊரே சிரிக்கி. இன்னையிலேருந்து நான் கீழதான் படுப்பேன்."

அத்தை வீட்டில் இடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அம்மா தம்பியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அவள் அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. இதுவும் எதிர்ப்பேச்சு மாதிரி இல்லை. தண்ணீர்க்குடத்தை இறக்கி வைக்கும்போது வரும் மூச்சு மாதிரி இருந்தது.

"ஒங்களுக்குப் பித்தம் இல்ல, சரி. எனக்கு முடியல."

மூன்று சமையலைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அம்மா பாவம் என்று இருந்தது. இனிமேல் எனக்குத் தனியாக ஒன்றும் வேண்டாம், அப்பாவின் பாகற்காயையே நானும் சாப்பிட்டுக்கொள்கிறேன், ஒரு சமையல் குறையும் என்று சொன்னேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வளையல் முழங்கை வரை நழுவுகிற கை, எலும்பு தெரிகிற கழுத்து, வெளுத்த உதடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். தினமும் பார்க்கிற ஆளைத்தான் பார்த்தார், ஆனாலும் நெடுநாள் கடலில் இருந்துவிட்டு அன்றுதான் வந்தவர்போல் இருந்தது. ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் மூலையில் சாத்தியிருந்த பாயை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

அதற்குப் பிறகு அப்பாவைப்போல் பத்தியம் காத்தவர் அந்த ஜில்லாவிலேயே இருந்திருக்கமாட்டார். மல்லியைத் தானே ஊறப்போட்டார். எண்ணெயைத் தானே காய்ச்சினார். சந்தையிலிருந்து வெள்ளைப் பூசணியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெரு நடுவில் நடந்து வந்தார். சாமியாரே என்று கூப்பிட்டவனுக்கு, ஆமாலே, பித்தம் தலைக்கேறிட்டு என்று பதில் சொன்னார். அத்தையின் குழம்புக் கிண்ணம் வந்தபோது, வைத்தியர் கண்டிஷனாகச் சொல்லிவிட்டார் அக்கா என்று கையெடுத்துக் கும்பிட்டார். அத்தை இரண்டு நாள் பேசவில்லை.

அதோடு நிற்கவில்லை. பித்தத்துக்கு உடலுழைப்பு நல்லதாம் என்று சொல்லித் தண்ணீர்க்குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். ஒரு தண்டல் குடம் தூக்குவதைப் பார்க்கப் பெண்கள் கூட்டம் கூடிவிட்டது. பிறகு சூடான சோற்றை ஆறவைத்துத்தான் அவர் சாப்பிட வேண்டுமாம், அதனால் அம்மா முதலில் சாப்பிட்டுவிட வேண்டுமாம். இப்படி நாளுக்கொரு விதி வந்தது. எல்லாவற்றுக்கும் வைத்தியர் சொன்னார் என்பார். நானும் கூடத்தான் போயிருந்தேன், வைத்தியர் அப்படியெல்லாம் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. கபம் ஏறினால் மறதி வரும் என்று அவர் சொல்லியிருந்தார், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா படுத்ததும் தூங்கினாள். அவள் மூச்சு ஒரே சீராக வருவதைக் கேட்டுக்கொண்டே நானும் தூங்கிப்போவேன்.

ஆவணி வந்தது. கொடியில் துணி தொங்கியது. துறையில் தோணிகளுக்குச் சுண்ணாம்பும் கொழுப்பும் பூசத் தொடங்கிவிட்டார்கள். கடலுக்குப் போகுமுன் ஒருமுறை வைத்தியரிடம் காட்டிவிட்டு வருவோம் என்று அப்பாவும் நானும் மறுபடி புதுக்கோட்டைக்குப் போனோம். பஸ்ஸில் அப்பா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இளைத்திருந்தார், ஆனால் தெளிவாக இருந்தார். கண்ணில் இருந்த மஞ்சள்கூடப் போயிருந்தது. இனி வீட்டில் மீன் மணக்கும், அம்மா விடிந்த பிறகு எழுந்திருக்கலாம், எனக்கு இஞ்சிச் சாற்றிலிருந்து விடுதலை என்று நான் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

வைத்தியர் மூன்று விரலை அப்பாவின் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இவ்வளவு ஒழுங்காகப் பத்தியம் இருந்த ஆளை அவரும் பார்த்திருக்கமாட்டார்.

"மூணும் சமமா நிக்கி தண்டலே. இனி மீன் திங்கலாம். கீழ எறங்கியும் படுக்கலாம்."

அப்பா சந்தோஷப்படவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. வைத்தியரே, இன்னும் நெஞ்சு எரியுது என்றார். பிறகு கண் எரிகிறது என்றார், உள்ளங்கால் எரிகிறது என்றார், காலையில் வாய் கசக்கிறது என்றார். நான் அவரை அண்ணாந்து பார்த்தேன். முதல் தடவை வைத்தியர் பித்தத்துக்குச் சொன்ன அடையாளங்களை, மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி வரிசை மாறாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தார். இல்லையே, நீங்கள் பாட்டுப் பாடிக்கொண்டுதானே வந்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கை என் தோளை அழுத்தியது.

வைத்தியர் மறுபடி நாடியைப் பிடித்தார். இந்தத் தடவை நிறைய நேரம் பிடித்திருந்தார். ஆனால் அவர் கவனம் கையில் இல்லை, அப்பாவின் முகத்தில் இருந்தது.

"ஆமா, அடியில கெடக்கு. நாந்தான் சரியாப் பாக்கல. இது லேசுல எறங்காது தண்டலே. ஒவ்வொரு வாட்டியும் கடல்லேருந்து திரும்புதப்ப கூடத்தான் செய்யும். வீட்டுல இருக்கும்போதெல்லாம் பத்தியந்தான்."

எத்தனை வருஷத்துக்கு என்று அப்பா கேட்டார். வீட்டில் தாயிக்குத் தலை நரைக்கட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் வைத்தியர். அப்பாவின் பித்தத்துக்கும் அம்மாவின் தலைமயிருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. அப்பாவுக்கு ஒரு குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை. சரி என்று எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். வாசலில் இறங்கும்போது வைத்தியர், நல்லாருப்பீரு என்று சொன்னது கேட்டது. சரியாகவில்லை என்று சொன்ன வாயாலேயே அதையும் சொன்னார்.

எனக்கு அழுகை முட்டியது. திரும்பும் வழியெல்லாம் அப்பாவை ஒட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு கசப்பைத் தின்றும், இவ்வளவு நாள் மொட்டை மாடிக் காற்றில் கிடந்தும் நோய் உள்ளேயே ஒளிந்திருக்கிறதே என்று துக்கமாக இருந்தது. அம்மாவின் பாடு எல்லாம் வீணாகப் போயிற்றே என்பது அதைவிடத் துக்கம். தெருமுனையில் இறங்கியதும் அப்பாவுக்கு முன்னால் ஓடி வீட்டுக்குள் போனேன். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு உப்புப் பானையை மூடிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குக் குணமாகவில்லை, இனிமேல் எப்போதும் பத்தியம்தானாம் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"வைத்தியரு சொல்லிட்டாரு. என்ன செய்ய?" என்றார் அப்பா, செருப்பைப் பார்த்துக்கொண்டே.

அம்மா தம்பியை என் கையில் கொடுத்தாள். அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். தோள் குலுங்கிற்று. அம்மா அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை, ஆஸ்பத்திரியில்கூட அழவில்லை. அப்பாவுக்கு வந்த தீராத நோயை நினைத்து அழுகிறாள் என்று எனக்கும் அழுகை வந்தது. அப்பா உள்ளே வந்து தேற்றுவார் என்று பார்த்தேன். அவர் வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அத்தை சுவருக்கு மேல் தலையை நீட்டி என்ன விஷயம் என்று கேட்டாள். பித்தம் அக்கா, விடமாட்டேங்கு என்றார் அப்பா. அத்தை உச்சுக்கொட்டிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

விளக்கு வைத்ததும் மாதா படத்துக்கு முன்னால் எல்லாரும் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். கடைசியில் ஆளுக்கொரு வேண்டுதல் சொல்ல வேண்டும். ஒருவர் வேண்டினால் மற்றவர்கள் ஆமென் என்பார்கள். பெரிய தம்பி பரீட்சைக்கு வேண்டினான், ஆமென் என்றோம். தங்கை தொலைந்துபோன பொம்மைக்கு வேண்டினாள், அதற்கும் ஆமென் என்றோம். என் முறை வந்தது. நான் கண்ணை இறுக்க மூடி, எங்கள் அப்பாவின் பித்தம் அடியோடு நீங்கி, அடுத்த காற்றுக்காலத்துக்குள் அவர் பூரண குணமடைய வேண்டும் தாயே என்று மனமுருகிக் கேட்டேன். பெரிய தம்பியும் தங்கைகளும் ஆமென் என்றார்கள். அப்பாவும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. அலைந்த களைப்பில் இரண்டு பேரும் முழந்தாளிலேயே கண்ணயர்ந்துவிட்டார்கள் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக மறுபடியும் முதலிலிருந்து வேண்டினேன்.